சரியான விடை எழுதியவர்கள்

செம்மேடு, கொல்லிமலை
12-3-2000

அன்புள்ள முஜீப் மாமாவுக்கு சித்திகாவின் ஸலாம். நானும் அத்தாவும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் பல்வலி எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னார்.

மாமா, வந்துவிட்டது! இந்த வார ‘நித்திலம்’, நாற்பத்தெட்டாம் பக்கம், குறுக்கெழுத்துப் போட்டி. ‘சரியான விடை எழுதியவர்கள்’ பட்டியலில் மூன்றாவது வரி: ‘ஜா. உவைஸ், மங்களூர்.’ அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தியதே நீங்கள்தான், உங்களுக்கு இது பழைய செய்தி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அம்மா என்னை ஏழு தரம் வாசிக்கச் சொன்னார். எட்டாவது தரம் “நீங்களே பாத்துக்கங்க” என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். எழுத்துத் தெரியாதவர், அந்த வரியைத் தடவித் தடவி மையே மங்கிவிட்டது.

தம்பி உவைஸ் வீட்டை விட்டுப் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அன்றைக்கு நடந்ததை யாரும் உங்களுக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மலைமேல் குண்டூர் நாட்டிலிருந்து வந்த காப்பிக்கொட்டை முழுவதும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு உவைஸ். மழை வந்ததே தெரியாமல் உள்ளே உட்கார்ந்து உங்கள் குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அத்தா வந்து பார்த்தார். தராசுக் கம்பியை எடுத்து, ஊர் பார்க்க அடித்தார். “அந்தக் கட்டத்துக்குள்ளயே போயிக் குடியிருடா! இந்த ஊட்டுக்கு ஒரு கடுதாசி போட்டீன்னாக்கூட நான் கிழிச்சுத்தான் எறிவேன்” என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் போனவன்தான்.

அதனால்தான் அவன் கடிதமே போடுவதில்லை. அம்மா சொல்வது என்ன தெரியுமா? “கடுதாசி போடாதேன்னுதானே அவரு சொன்னாரு? போட்டிக்கு போடாதேன்னா சொன்னாரு? எம்பையன் கெட்டிக்காரன்.”

ஒரு சங்கதி. மாரப்பன் டீக்கடையில் முன்பெல்லாம் முப்பது ‘நித்திலம்’ தொங்கும். இப்போது நாலு. “எல்லாம் டி.வி. பாக்குதுங்க கண்ணு, புக்கு யாரு வாங்குறாங்க?” என்கிறார். அவர் நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்?

உவைஸ் அனுப்பும் போட்டி அட்டையில் முகவரி இருக்குமே, அதை ஏன் எழுதி அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்? போன கடிதத்திலும் கேட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சித்திகா

*

திருவல்லிக்கேணி, சென்னை
29-3-2000

என் பிரியமான சித்திகாவுக்கு மாமா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். பல்வலி பல்லோடு போய்விட்டது. பிடுங்கிய இடத்தில் காற்றுப் போகிறது, அவ்வளவுதான். மற்றபடி அல்லாஹ் காப்பாற்றுகிறான்.

மாரப்பன் கடையில் நாலு தொங்குகிறது என்கிறாயே, அதற்கே சந்தோஷப்படு. எங்கள் ஆபீஸில் முன்பெல்லாம் தபால்காரர் காலையில் மூன்று மூட்டை கடிதம் கொண்டுவந்து தள்ளிவிட்டு மூச்சு வாங்குவார். இப்போது ஒரே மூட்டை, அதுவும் பாதி. போன மாதம் பக்கத்தைக் குறைத்தார்கள். இந்த மாதம் காகிதத்தை மட்டமாக்கினார்கள். முதலாளி மகன் அமெரிக்கா போய் வந்ததிலிருந்து “இனிமே எல்லாம் இன்டர்நெட்தான் முஜீப் சார்” என்று நிற்கிறார். கம்ப்யூட்டருக்கு வனிதா என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண். நான் மூன்று நாள் திருத்துவதை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு, “சாரி சார்” என்கிறது. ஐம்பது வயதில் எனக்கு எந்தக் கடையில் வேலை கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மச்சான் இன்னும் மூட்டை தூக்கிக்கொண்டா போகிறார்? சர்க்கரை வியாதிக்காரருக்கு அது ஆகாது.

முகவரி கேட்டிருக்கிறாய். போட்டி அட்டைகள் குலுக்கல் முடிந்த அன்றே எடைக்குப் போய்விடும் கண்ணு. பெயரும் ஊரும்தான் எங்கள் மேஜைக்கு வரும்.

எல்லாருக்கும் என் துஆ.
முஜீப்

*

செம்மேடு
14-5-2000

மாமாவுக்கு ஸலாம். எல்லாரும் நலம். அம்மா இரண்டு வேளை சாப்பிடுகிறார், உங்கள் புண்ணியம்.

மாரப்பன் நிறுத்தியேவிட்டார். இப்போது நான் சந்தை நாளில் காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து பேளுக்குறிச்சி போய் வாங்கி வருகிறேன். எழுபது வளைவு இறங்கி எழுபது வளைவு ஏறுகிறேன், ஒரு புத்தகத்துக்காக. கண்டக்டர் ஓம்பிரகாஷ் “ஏனுங்க, இதுக்கு பேசாம நீங்களே ஒரு புக்கு நடத்தலாமுங்க” என்கிறான். நடத்திவிட்டுப் போகிறேன், உனக்கென்ன என்றேன். ஆனால் வீணாகப் போகவில்லை. ‘ஜா. உவைஸ், நெல்லூர்.’ பையன் ஆந்திராவுக்கே போய்விட்டான்!

இப்போது உங்களுக்கு ஒரு சேதி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அத்தா அவ்வப்போது “சரக்கு விஷயமா” என்று நாலைந்து நாள் வெளியூர் போவார் அல்லவா? அவருடைய இரும்புப் பெட்டியை நான் துடைக்கும்போது ஒரு கவர் கிடைத்தது. உள்ளே உவைஸ் பெயர் வந்த துண்டுகள், கத்தரியால் அழகாக வெட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றோடும் பஸ் டிக்கெட்! திருப்பூர், பெங்களூர், ஹூப்ளி, ஷிமோகா, மங்களூர். பெயர் வந்த ஊருக்கெல்லாம் போயிருக்கிறார் மாமா! ஒரு சொல் கன்னடம் தெரியாது. உவைஸின் பத்தாம் வகுப்புப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டியிருக்கிறார். ஹூப்ளியில் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்களாம்.

நேருக்கு நேர் கேட்டேன். முதலில் முறைத்தார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். “கையால அடிச்சுட்டேன் கண்ணு. அந்தக் கையாலயே கூட்டியாரணும்” என்றார். நேற்று நெல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. இத்தனை நாள் அந்த மனுஷனைக் கல் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேனே.

அடுத்த தடவை பெயர் வந்தால், புத்தகம் மலைக்கு வரும்வரை காத்திருக்காமல் ஒரு கார்டு போட்டு ஊரை முன்கூட்டியே சொல்லுங்கள். அத்தா சீக்கிரம் போய்ப் பிடித்துவிடுவார்.

மகிழ்ச்சியுடன்,
சித்திகா

*

சென்னை
9-7-2000

சித்திகாவுக்கு மாமாவின் ஸலாமும் துஆவும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை.

உன் கடிதத்தை எத்தனையோ முறை படித்தேன். மச்சானைப் போகச் சொல்லாதே. அவரைத் தடுத்து நிறுத்து. ஊர் பெயரை நம்பி ஒருவர் இப்படி அலையலாமா? பையன் வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகிறவனாக இருக்கும். அட்டை வந்து, குலுக்கி, அச்சாகி, புத்தகம் உங்கள் கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் அவன் வேறெங்கோ போயிருப்பான். மச்சானுக்குச் சர்க்கரை இருக்கிறது, காலில் புண் வந்தால் ஆறாது. நெல்லூரிலிருந்து நல்லபடியாக வந்தாரா? அதை மட்டும் உடனே எழுது.

‘நித்திலம்’ இனி வார இதழ் இல்லை, மாதம் இருமுறை. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

மச்சானைத் தடுத்துவிடு கண்ணு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

முஜீப்

*

செம்மேடு
27-8-2000

மாமாவுக்கு ஸலாம். சுகமா என்று கேட்டு எழுத வேண்டும். கேட்கிறேன். இங்கே சுகம் இல்லை.

மூன்றரை மாதமாகப் பெயர் வரவில்லை. ஒவ்வொரு இதழுக்கும் இறங்கிப் போகிறேன். பேளுக்குறிச்சிக் கடைக்காரர் அருணாசலம் என்னைக் கண்டாலே பட்டியல் பக்கத்தைப் பிரித்து வைத்துவிடுகிறார். இல்லை என்று அவர் முகத்திலேயே தெரியும். அதற்கப்புறம் மலையேறி வந்து அம்மாவிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். போன முறை காரவள்ளி பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

அம்மா சோற்றைத் தொடுவதில்லை. கஞ்சி கொடுத்தால் இரண்டு மடக்கு. “எம்பையன் மண்ணுக்குள்ள போயிட்டான், நீங்க எல்லாம் மறைக்கிறீங்க” என்கிறார். நேற்று பக்கத்து வீட்டுப் பெருமாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னது. “அக்கா, புக்கு மாசத்துக்கு ரெண்டாயிருச்சுங்களாமா, பேரு போட எடம் இருக்காதுங்க.” அம்மா “எழுத்துத் தெரியாத நீ எனக்குச் சொல்ற பாரு” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். செம்மேடு ஆஸ்பத்திரி நர்ஸ் ருக்குமணி அக்கா சொல்லிவிட்டார், இப்படியே போனால் ஒரு மாதம் தாங்காது என்று.

அத்தா நெல்லூரிலிருந்து வந்தார். வெறுங்கையோடு வந்தார். கால் கட்டைவிரலில் புண். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். “அடுத்த ஊரு என்ன கண்ணு?” என்று தினமும் கேட்கிறார்.

மாமா, உண்மையாகச் சொல்லுங்கள். ஒரு அட்டைகூடவா வரவில்லை? மூட்டையை ஒழுங்காகத் தேடினீர்களா? வேறு யாராவது எடுத்துப் போட்டுவிட்டார்களா? அடுத்த இதழில் உவைஸ் பெயர் வரவில்லையென்றால் அம்மா எங்களுக்கு இல்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சித்திகா

*

சென்னை
8-10-2000

அன்பு சித்திகாவுக்கு ஸலாம். அக்கா எப்படி இருக்கிறார்?

‘நித்திலம்’ நின்றுபோகிறது. தீபாவளி இதழ்தான் கடைசி. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் டீ கொடுத்ததில்லை. இனிமேல் இன்டர்நெட்டில் மட்டும் வருமாம். அதில் கதை உண்டு, சினிமா உண்டு. குறுக்கெழுத்து இல்லை.

நீ கேட்காமலே ஒரு காரியம் செய்தேன். கடைசி இதழில் ஒரு கட்டம் போட்டு அறிவிப்பு வைத்திருக்கிறேன்: ‘உவைஸ், அத்தாவுக்குக் கோபம் இல்லை. அம்மா தேடுகிறார். எங்கிருந்தாலும் வீட்டுக்கு வா.’

இன்னொன்று. அட்டை வந்திருக்கிறது. பட்டியலில் பார்ப்பாய். போர்ட் பிளேர். அந்தமான். நடுவில் கடல் இருக்கிறது, போக முடியாத இடம். பையன் அங்கே நல்ல சம்பாத்தியத்தில்தான் இருப்பான், நிம்மதியாக இருங்கள் என்று மச்சானிடம் சொல். அக்காவைச் சாப்பிடச் சொல்.

முஜீப்

*

செம்மேடு
9-11-2000

என் தங்கமான மாமாவுக்கு ஆயிரம் ஸலாம். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்! இட்லி இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.

அந்தமான் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து வரைபடம் வாங்கி வந்து காட்டினேன். “இம்புட்டுத் தண்ணியத் தாண்டி எப்படிடா போன?” என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்கிறார். அறிவிப்பையும் வாசித்தேன். ‘அத்தாவுக்குக் கோபம் இல்லை’ என்ற இடத்தில் அத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நீங்கள் சொன்னபடி, போக முடியாத இடம் என்று சொன்னேன். அவர் கேட்டால்தானே! “ஊரு ஊரா மாறுறவன் பஸ்ஸு போற இடத்துல மாறுவான். தீவுல எங்க மாறுவான்? இந்தத் தடவை தப்ப முடியாது கண்ணு” என்கிறார். புத்தகமும் நின்றுவிட்டது, இனி அவனிடமிருந்து தகவல் வர வழியில்லை, இதுதான் கடைசி வாய்ப்பு என்று நாலு நாளாக அதே பேச்சு. நோன்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் பெருநாளுக்குப் பையனோடு வந்துவிடலாமாம். பெருநாளுக்கு அவனுக்குச் சட்டைத்துணி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். போனபோது இருந்த அளவா இப்போது இருப்பான் என்று அம்மாவும் அவரும் அரை மணி நேரம் சண்டை. சண்டை போட்டு எவ்வளவு நாளாச்சு!

சென்னைக்கு வந்து கப்பல் ஏறுகிறார். உங்கள் அறைக்குத்தான் வருவார். கால் புண்ணுக்கு மருந்து வைத்து ஏற்றி விடுங்கள் மாமா.

அன்புடன்,
சித்திகா

*

சென்னை
3-12-2000

சித்திகாவுக்கு.

மச்சான் வந்தார். கப்பல் ஏறிவிட்டார். பதினைந்து நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை அன்றே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

உவைஸ் போர்ட் பிளேரில் இல்லை. அப்படி ஒரு அட்டை வரவில்லை.

நெல்லூரிலிருந்தும் வரவில்லை. மங்களூர், ஷிமோகா, ஹூப்ளி, எங்கிருந்தும் வரவில்லை. வந்தது இரண்டே இரண்டு. திருப்பூரிலிருந்து ஒன்று, பெங்களூரிலிருந்து ஒன்று. இரண்டும் 99-ஆம் வருஷம், மே மாதத்துக்கு முன்னால். இரண்டு ஊருக்கும் நான் லீவு போட்டுப் போனேன். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வரி இல்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடினேன்.

அந்த ஜூலையில் நீ எழுதினாய், அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று. அன்றைக்குப் பட்டியல் பக்கம் என் மேஜையில் இருந்தது. கடைசியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. ‘ஜா. உவைஸ், ஹூப்ளி’ என்று எழுதிச் சேர்த்துவிட்டேன். எனக்கு மேலே பார்க்க யாரும் இல்லை, நான்தான் கடைசிக் கண். ஒரே தடவை என்று நினைத்தேன். உங்கள் வீட்டில் யாரும் தேடிப் போய்விடக்கூடாது என்றுதான் மொழி தெரியாத ஊராகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மச்சான் போவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ‘அந்த வாயாடாத மனுஷனா தேடிப் போவார்’ என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ டிக்கெட்டுகளைப் பற்றி எழுதிய அன்றே நிறுத்தினேன். நிறுத்தினால் அக்கா படுத்துவிட்டார். கடைசி இதழ் என்றார்கள். சரி, கடல் தாண்டிய ஊரைப் போட்டால் அக்காவுக்கும் நிம்மதி, மச்சானும் போக முடியாது என்று கணக்குப் போட்டேன். கணக்கா அது!

என் அறைக்கு வந்தார் கண்ணு. அந்தச் சட்டைத்துணியை விரித்துக் காட்டினார். “மாப்ளே, நீங்க மட்டும் அந்த ஆபீஸுல இல்லீன்னா, எம்பையன் உசுரோட இருக்கானான்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். புண்ணுக்கு மருந்து வைத்தேன். துறைமுகத்தில் வரிசையில் நின்றபோது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “என்னங்க மாப்ளே?” என்றார். கப்பலில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்திருங்கள் என்றேன். ஓடிப் போய் ஆறு பழம் வாங்கி வந்து கொடுத்தேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

உண்மையான இரண்டு அட்டையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எடைக்குப் போட்டதாகச் சொன்னது பொய். இரண்டிலும் முகவரி இல்லை.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

முஜீப்

*

செம்மேடு
14-12-2000

மாமாவுக்கு.

நோன்பு வைத்த வாயால் திட்டக்கூடாது என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மொழி தெரியாத ஊரில், பிள்ளை பிடிக்கிறவன் என்று போலீஸ் ஸ்டேஷனில் என் அத்தா உட்கார்ந்திருந்தார். நீங்கள் போட்ட ஊர். அந்தக் காலோடு நெல்லூர் முழுக்க நடந்தார். நீங்கள் போட்ட ஊர். எல்லாம் தெரிந்தும் கப்பலில் ஏற்றி விட்டிருக்கிறீர்கள். எலுமிச்சம்பழம் கொடுத்தாராம், எலுமிச்சம்பழம்! அம்மாவின் கூடப்பிறந்தவராகப் போய்விட்டீர்கள், அதனால் இத்தோடு விடுகிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு மய்யித்தை நான் ஒருத்தியே அடக்கம் பண்ண வேண்டும். வாசலில் பஸ் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறார்.

அத்தாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் தங்கியிருக்கிறாராம். முகவரியை அடியில் எழுதியிருக்கிறேன். நடந்த எல்லாவற்றையும் அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அடுத்த கப்பலில் திரும்பி வாருங்கள் என்று கெஞ்சி எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். உங்கள் கையால், ஒன்றும் மறைக்காமல்.

சித்திகா

*

சென்னை
5-1-2001

சித்திகாவுக்கு மாமாவின் ஸலாம். நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ சொன்னபடி மச்சானுக்கு எழுதினேன். ஒன்றும் மறைக்கவில்லை. அதோடு முதலாளியைப் போய்ப் பார்த்தேன். செய்த தப்பைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, “இப்ப என்ன முஜீப், பத்திரிகையே போயிடுச்சே” என்றார். கெஞ்சிக் கேட்டு இன்டர்நெட்டில் ஒரு திருத்தம் போட வைத்தேன். வனிதாதான் போட்டது. ‘தீபாவளி இதழில் ஜா. உவைஸ், போர்ட் பிளேர் என்று வெளிவந்தது தவறு. வருந்துகிறோம்.’ எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அதில் எண் வருமாம். மூன்று என்று காட்டியது. நான், வனிதா, முதலாளி மகன்.

அதைக் காகிதத்தில் எடுத்து ஒன்றை மச்சானுக்கு அனுப்பிவிட்டேன், ஒன்று உனக்கு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். தபால் இன்னும் வருகிறது, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். உண்மையாகவே பையன் இன்று ஒரு அட்டை போட்டால் யார் எடுப்பார்கள்? தினமும் போய்க் கதவு இடுக்கில் குச்சியை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முஜீப்

*

செம்மேடு
18-2-2001

மாமாவுக்கு ஸலாம். அம்மா உயிரோடு இருக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை.

அத்தா பதில் போட்டிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்.

“கண்ணு சித்திகா, நல்லா இருக்கேன். உங்கடுதாசியும் உங்க மாமா கடுதாசியும் கெடச்சுது. உங்க அம்மாவுக்கு மேலுக்கு முடியலையாட்ட இருக்குது, அதுக்குத்தான் என்னை வரவழைக்க மாமாவும் மருமகளும் சேந்து இப்படி ஒரு கதை கட்டியிருக்கீங்க. எனக்குத் தெரியாதா? உங்க மாமா நல்ல மனுஷன், அப்படி ஒரு காரியம் பண்ணுற ஆளே இல்ல. கப்பலேத்தி விடுறப்போ கண்ணுல தண்ணியோட நின்னாரு. பொய்யின்னா அப்பவே சொல்லியிருக்க மாட்டாரா? பேரு புக்குல வந்திருக்குது கண்ணு. நாலு ஊருக்குப் போற புக்கு, அதுல பொய்ப் போட உடுவாங்களா? கடுதாசியில யாரு வேணுமின்னாலும் எழுதலாம். அந்தக் கம்ப்யூட்டர் பேப்பரும் வந்துச்சு. அதுல அட்டை இல்ல, பக்கம் இல்ல, அதையெல்லாம் நான் எப்படி நம்புறது? நெசமாவே தப்புன்னா அந்தப் புக்குலயே தப்புன்னு போடச் சொல்லு. அதைப் பாத்த அன்னிக்கே கப்பலேறி வாரேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். கடையில எடை போடுற வேலை குடுத்திருக்காங்க. பையன் என்னிக்கிருந்தாலும் சாமான் வாங்க இந்தப் பஜாருக்குத்தானே வரணும். தைக்கக் குடுத்த சட்டை வந்துருச்சு, பெட்டியில வெச்சிருக்கேன். கால் கொஞ்சம் சரியில்ல. அம்மாவைப் பாத்துக்க.”

கடிதம் இவ்வளவுதான் மாமா. அதே கடையில் வேலை பார்க்கும் ஒருவர் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பெரியவர் கால் கறுத்துக்கொண்டு வருகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் கடையை விட்டு நகர மாட்டேன் என்கிறார், அந்த நேரம் பார்த்து மகன் வந்துவிட்டுப் போய்விடுவானாம்.

நான் மூன்று நாளாக யோசித்துவிட்டேன். அவர் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு ‘நித்திலம்’ வேண்டும் மாமா. அட்டை, பக்க எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும், பழைய மாதிரியே மட்டக் காகிதத்தில். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அந்தத் திருத்தம். வேறு பக்கங்களில் எதைப் போட்டு நிரப்பினாலும் சரி. ஊருக்கெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு புத்தகம் போதும். எந்த அச்சகத்தின் காலில் விழுவீர்களோ தெரியாது, அடுத்த கப்பலுக்குள் அனுப்புங்கள்.

சித்திகா